பாயிண்ட்டை எந்தப் பக்கம் வெட்டலாம்?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் அடுக்ககத்தில் 1200 × 400 மி.மீ. பலகையில் பொம்மை ரயில் தடம் போடுகிறேன். பெக்கோ நிறுவனத்தின் கோட் 100 (தண்டவாள உயர வகை) சிறு ஆர எலக்ட்ரோஃபிராக் பாயிண்ட் (ஒரு தடம் இரண்டாகப் பிரியும் துண்டு) இரண்டைச் சேர்த்து, இரு தடங்களுக்கு நடுவே குறுக்குப் பாதை அமைத்தால் 370 மி.மீ. போய்விடுகிறது. வெட்டிச் சுருக்கலாமா? அப்பாவின் பழைய லிமா நிறுவன இன்ஜின் பாயிண்ட் மேல் நின்று நின்று போகிறது. பாயிண்ட்டை மாற்றினால் சிலசமயம் ஷார்ட்டும் ஆகிறது.

பதில்: தாராளமாக வெட்டலாம், ஆனால் ஃபிராக்குக்கு, அதாவது பிரியும் தண்டவாளங்கள் கூடும் V முனைக்கு, பின்னால் மட்டும். நாக்குத் தண்டவாளம் அசையும் முனையில் கத்தி படவே கூடாது. அங்கே ஒரு ஸ்லீப்பர் போனாலும் இடைவெளி தளர்ந்து, நாக்கு சரியாக ஒட்டாது.

இந்தப் பாயிண்ட்டின் கோணம் 12 பாகை. கிளைத் தடத்தில் 5 மி.மீ. வெட்டினால் இரு தடங்களின் மைய இடைவெளி ஏறக்குறைய 1 மி.மீ. குறையும். இரண்டு பாயிண்ட்டிலும் 12 மி.மீ. வீதம் எடுத்தால் 50 மி.மீ. இடைவெளி 45 ஆகும், மொத்த நீளத்திலும் 23 மி.மீ. மிச்சம். நேர்த்தடத்தில் 45 போதும். வளைவில் நீளமான பெட்டிகள் ஒன்றையொன்று உரசும், அங்கே 50க்கே திரும்பிவிடுங்கள். 12 மி.மீ.க்கு மேல் வெட்ட ஆசைப்பட வேண்டாம். ஃபிராக்கிலிருந்து பிரியும் இரு தண்டவாளங்களும் அங்கே மிக நெருங்கியிருக்கும், ஜாயினர்கள் (தண்டவாள முனைகளை இணைக்கும் சிறு துண்டுகள்) ஒன்றோடொன்று முட்டும். ஃபிராக்குக்கு எதிரே சக்கரத்தைத் தடத்தில் வைத்திருக்கும் காவல் தண்டவாளத்தின் நுனியும் வெட்டுக்கோட்டுக்கு உள்ளேயே முழுசாக இருக்க வேண்டும்.

வெட்டும்போது தண்டவாளத்துக்கு அடியில் மரத்துண்டு ஒன்று கொடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பிடிப்பிலிருந்து பிய்ந்து வந்துவிடும். மெல்லிய ரம்பமே நல்லது. சுழலும் வெட்டுத்தட்டு வேகமாக வெட்டும், சூட்டில் ஸ்லீப்பரையும் உருக்கும். அதைத்தான் எடுப்பீர்கள் என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு விட்டு விட்டு வெட்டுங்கள். பிசிரை அரத்தால் தேய்த்து, கடைசி ஸ்லீப்பரின் பிடிப்புக் கொண்டைகளைச் சீவினால்தான் ஜாயினர் நுழையும். அடுத்த தடத்தில் இடிக்கும் நீள ஸ்லீப்பர் நுனிகளையும் நறுக்குங்கள்.

இனி ஷார்ட். எலக்ட்ரோஃபிராக்கில் ஃபிராக் முழுவதும் உலோகம். நாக்கு எந்தப் பக்கம் ஒட்டுகிறதோ அந்த மின்முனை அதற்குப் போகும். பின்னாலிருந்து உலோக ஜாயினர் வழியே எதிர்முனையும் வந்தால் ஷார்ட் ஆகாமல் என்ன செய்யும்? குறுக்குப் பாதையில் ஒரு பாயிண்ட்டின் ஃபிராக் தண்டவாளம் மற்றதன் வெளித் தண்டவாளத்தோடு சேர்கிறது. ஆகவே நடுவே இரு தண்டவாளத்திலும், நேர்த்தடப் பக்கம் ஃபிராக்கிலிருந்து வரும் தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் ஜாயினர் போடுங்கள். பாயிண்ட் ஒன்றுக்கு 2 தண்டவாள முனை என்று எண்ணிச் சரிபாருங்கள்.

இன்ஜின் நிற்பதற்குக் காரணம் வேறு. நாக்கு வெளித் தண்டவாளத்தைத் தொடும் அந்தச் சின்ன இடம்தான் மொத்த மின்சாரத்துக்கும் வழி, கடல்காற்றில் அது சீக்கிரம் மங்கும். தேய்த்துச் சுத்தம் செய்தால் சில நாள் ஓடும், அவ்வளவுதான். நிலையான வழி, 6 கால் ஸ்லைடு சுவிட்ச் ஒன்று. நடுக்காலில் ஃபிராக் கம்பி, அதே வரிசையின் இரு ஓரக் கால்களில் இரு வெளித் தண்டவாளங்கள். சுவிட்ச் குமிழில் துளையிட்டு 0.8 மி.மீ. எஃகுக் கம்பியால் நாக்கை இழுங்கள். சுவிட்ச் நகரும் தூரம் நாக்கினுடையதைவிட அதிகம், அதனால் கம்பியில் சிறு வளையம் ஒன்று வளைத்துவிடுங்கள், மிச்சத்தை அது வாங்கிக்கொள்ளும். மின்சாரம் கொடுத்ததும் அல்லது இன்ஜின் ஏறியதும் ஷார்ட் ஆனால் ஓரக் கம்பிகள் மாறியிருக்கின்றன, இடம் மாற்றினால் போதும். ஈயம் வைக்கும்போது 3 விநாடிக்கு மேல் சூடு கொடுக்காதீர்கள்.

பாயிண்ட் சரியான பிறகும் லிமா தடுமாறினால் சக்கரத்தைப் பாருங்கள். நம் நாட்டு ரயில்பாதையின் அகலமான கேப் கேஜ் 1067 மி.மீ.தான், ஆனால் லிமா நம் நாட்டு இன்ஜின்களையும் 16.5 மி.மீ. தடத்துக்கே செய்தது, எனவே தடம் பொருந்துகிறது. பழைய சக்கரங்களின் விளிம்பு மட்டும் ஆழம், ஃபிராக் பள்ளத்தில் ஏறித் தூக்கும். இரு சக்கரங்களின் உட்பக்க இடைவெளி 14.4 முதல் 14.5 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்திருந்தால் அச்சில் சற்றே வெளியே இழுத்துவிட்டு, ஒரு பெட்டியைக் கையால் தள்ளி, முதலில் மின்சாரம் இல்லாமலே ஓட்டிப் பாருங்கள்.