குழந்தைகள் குடல் நிபுணராக எத்தனை ஆண்டு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அப்பா கேட்கிறார்: “பால்மரம் சீவித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். மூத்த மகளுக்கு 27 வயது. ஹவுஸ்மேன்ஷிப் என்ற பயிற்சிக் காலத்தை முடித்து, மாவட்ட மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் எம்.ஓ.வாக, அதாவது மருத்துவ அதிகாரியாக இருக்கிறாள். சின்னப் பிள்ளைகளின் குடல், கல்லீரல் நோய்க்கென்றே தனி நிபுணராக வேண்டும் என்கிறாள். இன்னும் எத்தனை வருடம் ஆகும்? வெளிநாடு போக வேண்டுமா? முடித்துவிட்டு ஊருக்கே வர முடியுமா?”

முதலில் வருடக் கணக்கு. இந்தத் துறைக்குள் நேரே போய்விட முடியாது. முதலில் குழந்தை நல நிபுணராக வேண்டும். அதற்கு இரண்டு வழி. மலாயாப் பல்கலைக்கழகம், யூ.கே.எம்., யூ.எஸ்.எம். போன்ற பல்கலைக்கழகங்களில் 4 ஆண்டு மாஸ்டர்ஸ் (முதுநிலைப் படிப்பு). இல்லையென்றால் வேலை பார்த்துக்கொண்டே பிரிட்டனின் குழந்தை மருத்துவ ராயல் கல்லூரி நடத்தும் எம்.ஆர்.சி.பி.சி.ஹெச். தேர்வுகள். இரண்டாவதைக் குறுக்கு வழி என்று நினைப்பவர்கள் அதன் கட்டணத்தைப் பார்த்ததில்லை. எப்படிப் போனாலும் பிறகு நிபுணராக கெசட் ஆகி (அரசு அதிகாரபூர்வமாக ஏற்று), தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அப்புறம்தான் குடல், கல்லீரல் துறைக்கான மேற்பயிற்சி, பொதுவாக 3 ஆண்டு. நடுவில் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் மகளுக்கு 36, 37 வயதாகிவிடும். அதற்காகக் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட வேண்டாம். பயிற்சிக்கு நடுவில் பிள்ளை பெற்று வந்து, நன்றாக முடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகள் நிரந்தரப் பணியில் இல்லாத ஒப்பந்த மருத்துவராக இருந்தால், மேற்படிப்பு உதவித்தொகைக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்பதைச் சுகாதார அமைச்சிலேயே கேட்டுக்கொள்ளட்டும். 2016 இறுதியில் ஒப்பந்த முறை வந்ததிலிருந்து விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சீனியர் சொன்ன பழைய கதை உதவாது.

வெளிநாடு? கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று சிகிச்சைகூட நடக்கிறது. அடித்தளத்தை இங்கேயே போடலாம். ஆனாலும் வாய்ப்புக் கிடைத்தால் ஒரு வருடம் போய்வரட்டும். பிரிட்டனில் குழந்தைகளின் சிக்கலான கல்லீரல் நோய்களுக்கு லண்டன், பர்மிங்ஹாம், லீட்ஸ் என்று மூன்றே மையங்கள். நாட்டிலுள்ள அரிய நோய்களெல்லாம் அங்கே வந்து சேரும். இங்கே எப்போதாவது பார்ப்பதை அங்கே அடிக்கடி பார்க்கலாம்.

பயிற்சி என்றதும் எல்லாரும் ஸ்கோப்பைத்தான், அதாவது குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாயைத்தான் நினைக்கிறார்கள். பெரியவர்களுக்கு விடும் குழாய் 9, 10 மில்லிமீட்டர் பருமன். கைக்குழந்தைக்கு 5, 6 மில்லிமீட்டர். கை பழகப் பழக அது வந்துவிடும். எந்தப் பிள்ளைக்கு ஸ்கோப் வேண்டாம் என்று முடிவெடுப்பதுதான் கஷ்டம். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிறு வலிக்கும் பிள்ளையும் வரும், குரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சி உள்ள பிள்ளையும் வரும். மலேசியாவில் இந்தக் குடல் அழற்சி நோய்கள் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கே இருக்காது. உயரம் ஏறாமல் நின்றுபோவதுதான் முதல் அறிகுறி. அதனால் ஸ்கோப்பைத் தொடும் முன் வளர்ச்சி அட்டையைப் படிக்கத் தெரிய வேண்டும்.

இப்படிக் கவனித்துப் பார்க்கப் பழக, மகள் நிபுணராகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறந்து 14 நாளுக்கு மேலும் மஞ்சள் காமாலை நீடிக்கும் குழந்தையை நம் தோட்டப்புறங்களில் இன்னும் வெயிலில் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது தாய்ப்பால் காமாலை, தானே போய்விடும். சில குழந்தைகளுக்கோ பித்தக்குழாய் அடைத்திருக்கும். மலம் சுண்ணாம்பு போல வெளுக்கும், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும். 1950களில் ஜப்பானிய மருத்துவர் மொரியோ கசாய் உருவாக்கிய அறுவை சிகிச்சையைப் பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பித்தம் ஓட நல்ல வாய்ப்புண்டு. தாமதித்தால் கல்லீரல் தழும்பேறிக்கொண்டே போகும். கடைசியில் மாற்றுக் கல்லீரல்தான். தைவானில் இதற்காகவே 2004 முதல் நாடு முழுக்கத் தாய்மார்களுக்கு மலத்தின் நிறம் காட்டும் அட்டை கொடுக்கிறார்கள்.

நான் பயிற்சியில் இருந்தபோது, இப்படி ஒரு குழந்தையை அது பிறந்த நான்காவது மாதத்தில்தான் தூக்கி வந்தார்கள். அதற்கு முன்பே மூன்று இடத்தில் காட்டியிருந்தார்கள். மூன்று இடத்திலும் கண்ணைப் பார்த்தார்கள், மூன்று இடத்திலும் “வெயில் காட்டும்மா” என்றார்கள். பெம்பர்ஸைத் திறந்து பார்த்தவர் யாருமில்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை, பாவம், முதல் பிள்ளை.

பெம்பர்ஸைத் திறந்து பார்க்கும் இடத்தில்தான் உங்கள் மகள் இப்போது இருக்கிறாள். நீடித்த காமாலை என்று வரும் ஒவ்வொரு குழந்தையின் மலத்தையும் தன் கண்ணால் பார்க்கட்டும். இரத்தத்தில் பிலிருபினை (காமாலை நிறமியை) மொத்தமாக மட்டும் பார்க்காமல், பித்த அடைப்பில் ஏறும் ‘நேரடி’ பிலிருபின் அளவையும் தனியே கேட்டு வாங்கட்டும். எத்தனையாவது நாளில் குழந்தை வந்தது என்று ஒரு வருடம் குறித்து வைத்தால், மாஸ்டர்ஸ் நேர்முகத்தில் பேசச் சொந்தச் சரக்கு இருக்கும். நான் தேர்வாளராக உட்கார்ந்தால் சான்றிதழ் கட்டைவிட அந்த நோட்டைத்தான் முதலில் புரட்டுவேன்.

கடைசிக் கேள்வி. வீட்டுக்கு வரலாம் ஐயா, வேலைக்கு வருவது கடினம். சிறிய ஸ்கோப், குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கத் தேர்ந்தவர், குழந்தை அறுவை நிபுணர், திசு ஆய்வகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேண்டும். அது சின்ன ஊரில் நடக்காது. ஈப்போ போன்ற ஊருக்கு அவ்வப்போது வந்து கிளினிக் நடத்தலாம். மற்ற நாளெல்லாம் பெரிய மருத்துவமனையில்தான். உங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம் என்றால், பொதுக் குழந்தை நல நிபுணராக நிற்பதே போதும், அதுவும் குறைந்த வேலையில்லை. இதை இந்தத் தீபாவளிக்கு மகள் வீட்டுக்கு வரும்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.