மழை மட்டுமா மண்ணை அரிக்கிறது?

தங்கச்சி, "பனி உருகினால் தண்ணீர்தானே கூடும், வண்டல் ஏன் கூட வேண்டும்?" என்ற இடத்தில் உங்கள் உயர்தரப் புவியியல் ஒப்படை நின்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். கொழும்பில் இருந்து யோசித்தால் அந்தக் குழப்பம் வரும்தான். களனி கங்கை கலங்கி ஓடினால், மலைநாட்டில் மழை என்போம். இங்கே மண்ணை அரிப்பது மழை.

சைபீரியாவின் லேனா, கனடாவின் மக்கென்சி ஆற்றுக் கரைகளில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே உறைந்த ஐஸ், சீமெந்து மாதிரி. அது இளகினால் பிடி விட்டுப்போகும். ஓடும் தண்ணீரின் சூடே கரையின் அடியைக் குடைய, மேலே உள்ள பகுதி பாளம் பாளமாக ஆற்றில் கவிழும்.

பனியாறுகளின் கதை வேறு. அவை பாறையை அரைத்து வைத்த மாவை உருகுநீர் அள்ளி வருகிறது. ஐஸ் மிகவும் சுருங்கிவிட்டால் அந்த வரத்து குறையும். இதையும் எழுதுங்கள், புள்ளி கிடைக்கும்.

அப்புறம் ஒரு கணக்கு. ஆசிய உயர்மலைகளின் 28 ஆறுகளைப் பற்றி 2021இல் வந்த ஆய்வின்படி, பத்தாண்டுக்குச் சராசரியாக நீரோட்டம் சுமார் 5 சதவீதம் கூடியது, வண்டலோ சுமார் 13 சதவீதம். உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதுதான்.