கிளப் லவுஞ்ச் உண்டா, இல்லையா?

கேள்வி: சென்னையில் ஒரு செயின் ஹோட்டலில் மகள் நிச்சயதார்த்தத்துக்காக இரண்டு நாள் தங்கப் போகிறோம். அந்த செயினில் கிளப் லவுஞ்ச் (சில விருந்தினருக்கு மட்டுமான தனிக் கூடம்) இருக்கும், காலை டிபனும் மாலை பலகாரமும் இலவசம் என்கிறார்கள். நம்பலாமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: செயின் பெயரை வைத்து நம்பாதீர்கள். ஒரே செயினில் ஒரு ஹோட்டலில் லவுஞ்ச் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ் மாதிரி சிக்கன வகைகளில் எதிர்பார்க்கவே வேண்டாம். லவுஞ்ச் இருக்கிற ஹோட்டலிலும் சாதா அறை எடுத்தவர்களை உள்ளே விடமாட்டார்கள், கிளப் அறைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டும், அல்லது அந்த செயினின் உறுப்பினர் அட்டையில் உயர்ந்த நிலை வேண்டும். மேரியட் செயினில் பிளாட்டினம் நிலை, அதற்கு வருஷத்தில் 50 இரவு தங்கியிருக்கணும் (அந்தக் குழுமத்தின் ரிட்ஸ்-கார்ல்டனில் அதுவும் செல்லாது!). ஹில்டன் செயினில் டைமண்ட் நிலை, அதற்குக் கீழே உள்ள கோல்டுக்குக் கிடையாது.

புதுச்சேரியில் ஒருமுறை நானே லவுஞ்சை நம்பி மதியம் சாப்பிடாமல் போய், "மராமத்து நடக்குது சார்" என்ற பதிலோடு பீச் ரோட்டில் சுண்டல் வாங்கித் தின்றேன். அதனால் ஹோட்டலுக்கே போன் போட்டு, உங்கள் தேதியில் திறந்திருக்குமா, மாலையில் குழந்தைகளை விடுவார்களா, அறைக்கு எத்தனை பேரை அனுமதிப்பார்கள் என்று கேளுங்கள். அப்புறம் அதை மெயிலிலும் வாங்கிவிடுங்கள். சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு போகும் யோசனை இருந்தால் மட்டும், வேண்டாம், ஆளுக்குத் தனிக் காசு கேட்பார்கள்.