வடசென்னையில் ஏரியா பசங்களுக்காக நாங்களே ஒரு நற்பணி மன்றம் தொடங்கினால் நிற்குமா? ரோட்டரி, லயன்ஸில் சேர்வது மேலா?

கொருக்குப்பேட்டையில் எட்டு நண்பர்கள், எல்லாருக்கும் வேலை இருக்கிறது, மாதம் ஆளுக்கு 500 ரூபாய் போடத் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்கும் தம்பி. ஆனால் வருஷத்துக்கு நாலு விழா எடுக்கிற மன்றமாக ஆரம்பித்தால் ரெண்டாவது வருஷம் ஆள் இருக்காது. தினமும் சாயங்காலம் கதவு திறக்கிற ஒரு அறையாக ஆரம்பியுங்கள். தண்டையார்பேட்டைப் பக்கம் இப்படி ஒரு சின்ன மன்றத்தில் பல வருஷமாக இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ரோட்டரி, லயன்ஸ் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கண் சிகிச்சை முகாம், ரத்த தானம், போலியோ மாதிரி பெரிய வேலைகளுக்கு அவர்களிடம் ஆளும் பணமும் டாக்டர்களும் உண்டு. இளைஞர்களுக்கு ரோட்டராக்ட், லியோ என்று தனிக் கிளைகளும் இருக்கின்றன. சேர்ந்தால் நல்ல பழக்கம் கிடைக்கும், மேடையில் பேச வரும். ஆனால் உங்கள் தெருவில் பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பையன் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே உட்காருவான் என்பதற்கு அங்கே பதில் கிடைக்காது. மன்றத்தை நீங்கள் நடத்துங்கள், முகாம் வேண்டும்போது அவர்களைக் கூப்பிடுங்கள். சந்தோஷமாக வருவார்கள்.

எட்டுப் பேர் போடும் 4,000 ரூபாயில் வாடகையும் கரண்ட் பில்லும் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பரவாயில்லை, செலவே அதற்குத்தான். கோயில் மண்டபமோ சர்ச் ஹாலோ ஓரமாக ஒரு அறை கொடுத்தால் இன்னும் நல்லது. உள்ளே நல்ல வெளிச்சம், ரெண்டு பெஞ்சு, ஒரு தினத்தந்தி, ஒரு கேரம் போர்டு. பத்துக்குப் பத்து வீட்டில் அஞ்சு பேர் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு, டிவி சத்தம் இல்லாமல் நோட்டை விரித்து வைக்க இடம் கிடைப்பதே பெரிய விஷயம்.

கேரமை விளையாட்டுத்தனம் என்று பெரியவர்கள் யாராவது சொன்னால் காசிமா பெயரைச் சொல்லுங்கள். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுநர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார், தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அவருக்கு முன்னால் ரெண்டு முறை உலக சாம்பியனாகி அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும் சென்னைக்காரர்தான். போர்டும் பவுடரும் போதும், மைதானம் தேவையில்லை. நெரிசலான நம்ம தெருக்களுக்கு இதைவிடத் தோதான ஆட்டம் எது?

பெண் பிள்ளைகள் வர வேண்டுமானால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அறையில் எப்போதும் ஒரு அக்காவோ அம்மாவோ உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் பூட்டக்கூடிய கழிப்பறை இருக்க வேண்டும், இருட்டுவதற்குள் அவர்கள் நேரம் முடிய வேண்டும். இது மூன்றும் இல்லாமல், “பொண்ணுங்க வர மாட்டேங்குறாங்க” என்று அலுத்துக்கொள்ளும் மன்றங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது போலீஸ் தேர்வு. நம்ம பக்கம் பத்தாவது முடித்த பாதிப் பசங்களின் கனவு கான்ஸ்டபிள் வேலை. எழுத்துத் தேர்வுக்குப் புத்தகம் கிடைக்கிறது. உடல்தகுதியில்தான் விழுகிறார்கள். ஆண்களுக்கு 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்தில் ஓட வேண்டும், அதோடு கயிறு ஏற வேண்டும். ஓட்டத்துக்கு பீச் ரோடு இருக்கிறது. கயிறு ஏறிப் பழக ஒரு பையன் எங்கே போவான்? தனியார் அகாடமிக்குப் பணம் கட்டணும். மாநகராட்சி மைதானத்தில் அனுமதி வாங்கி, உறுதியான கம்பம் நட்டு, நல்ல கயிறு தொங்கவிட்டு, கீழே மணல் கொட்டிக் கொடுங்கள். விடியற்காலையில் தானாக வருவார்கள். நோட்டுப் புத்தகம் வழங்கும் விழாவுக்கு ஆகும் செலவில் இதை முடித்துவிடலாம். அரசுப் பள்ளியில் நோட்டு அரசே தருகிறது. நீங்கள் கொடுக்கும் நோட்டின் அட்டையில் யார் படத்தைப் போட்டாலும், மிஸ் பிரவுன் ஷீட் போட்டு மூடச் சொல்லிவிடுவார், அது வேறு விஷயம்.

இப்போது அரசே கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்று ஒரு படிப்பு மையம் கட்டியிருக்கிறதே, மன்றம் எதற்கு என்று கேட்பார்கள். படிக்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவெடுத்தவனுக்கு அது அருமையான இடம். முடிவெடுக்காதவன் கேரம் ஆட வந்து, பக்கத்து பெஞ்சில் படிப்பவனைப் பார்த்து, “இன்னா மச்சான், ஃபார்ம் எப்போ கடைசி தேதி?” என்று கேட்பான். அந்தக் கேள்விக்காகத்தான் அறை.

இந்த மண்ணுக்கு இது புதுசும் இல்லை. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் பெரம்பூர் பக்கம் வெங்கடேச குணாமிருத வர்ஷிணி சபை என்று ஒன்று நடத்தினார்கள். பஜனையும் உபன்யாசமும்தான் நடக்கும். அங்கே வந்து உட்கார்ந்த பி அண்ட் சி துணி மில் தொழிலாளிகள் தங்கள் குறைகளைப் பேச ஆரம்பித்து, 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா அதற்குத் தலைவர், திரு.வி.க. துணை நின்றார்.

மன்றம் பிரியாணிக் கடை கூட்டணி மாதிரி கணக்கில்தான் உடையும். ஏழு பேர் இருந்தாலே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம், உங்களிடம் எட்டுப் பேர் இருக்கிறீர்கள். பைலா, அதாவது மன்ற விதிகள், எழுதும்போதே பேங்க் கணக்கில் ரெண்டு பேர் கையெழுத்து என்று போட்டுவிடுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். மாதக் கணக்கை அறைச் சுவரில் ஒட்டுங்கள். கட்சிக்காரர் யாராவது, “தம்பிங்களா, ரெண்டு ஃபேன் நான் வாங்கித் தரேன்” என்று வருவார். வாங்குங்கள், ரசீது கொடுங்கள். இறக்கையில் பெயர் எழுதச் சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளையும் அதே ஃபேனுக்குக் கீழேதான் உட்கார வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது எங்களிடம் படகும் இல்லை, பணமும் இல்லை. தினமும் அறைக்கு வரும் பிள்ளைகளுக்கு, எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் பாட்டி, எந்த மாடியில் கைக்குழந்தை என்று தெரிந்திருந்தது. பாலும் மாத்திரையும் எங்கே முதலில் போக வேண்டும் என்று அவர்கள்தான் சொன்னார்கள். வெளியிலிருந்து லாரியில் வந்தவர்கள் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போனதை, உள் சந்துகளுக்குச் சுமந்ததும் அவர்களே.

திறப்பு விழா, பெயர்ப்பலகை எல்லாம் ஆறு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம். இந்த வாரம் அறை பாருங்கள், சாவியை ரெண்டு பேரிடம் கொடுங்கள். அதில் ஒருவர் ஷிஃப்ட் வேலைக்குப் போகாதவராக இருக்கட்டும்.