காபியில் கழுவிய ஃபிலிம் ஏன் வெறுமையாக வருகிறது?
காபி டெவலப்பரில் (ஃபிலிமில் பதிந்த படத்தைத் தெரிய வைக்கும் கரைசலில்) கழுவிய கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே விழவில்லை என்றால், முதலில் சோடாவைப் பாருங்கள். ஆப்பசோடாவின் காரத்தன்மை போதாது; சலவை சோடாதான் வேண்டும், அதுவும் நீரற்ற தூள். கற்கண்டுபோல் படிகமாக இருந்தால் எடையை 2.7 மடங்காக்குங்கள்.

லிட்டருக்கு சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16, இன்ஸ்டன்ட் காபி 40. இதே வரிசையில், ஒன்று முழுதாகக் கரைந்த பிறகே அடுத்தது. வைட்டமின் சி விழுந்ததும் நுரைத்துப் பொங்கும், பயப்பட வேண்டாம். சிக்கரி கலக்காத மலிவுக் காபியே போதும். நுரை அடங்க 5 நிமிடம் விடுங்கள். ஃபிலிமில் ஒட்டும் குமிழி, நெகட்டிவில் வெளிறிய வட்டமாக நின்றுவிடும்.

ஃபிலிம் இந்தக் கரைசலில் 20 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் இருக்கட்டும். முதல் நிமிடம் விடாமல், பிறகு நிமிடத்துக்கு 3 முறை டாங்கை (ஃபிலிம் கழுவும் மூடிய குடுவையை) கவிழ்த்து நிமிர்த்துங்கள். அலசியதும் வழக்கமான ஃபிக்சர் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) கட்டாயம்.