பழைய மார்ட்டினி-ஹென்றி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஸ்டேங்கர் கரும்புத் தோட்டத்தில் தாத்தா வைத்திருந்த மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள் உரிமத்தோடு என் பெயருக்கு மாறியிருக்கிறது. அதில் என்ஃபீல்ட் 1880 என்று முத்திரை உள்ளது. ஒருவர் 577/450 தோட்டா என்கிறார், இன்னொருவர் 303 என்கிறார். எது சரி? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: முத்திரையை வைத்து முடிவு செய்யாதீர்கள். 577/450-க்குச் செய்த பல துப்பாக்கிகளுக்குப் பின்னாளில் 303 குழல் மாட்டினார்கள். உடம்பிலுள்ள பழைய ஆண்டு அப்படியே இருந்துவிட்டது. தோட்டா அறையை அச்சு எடுத்து அளந்தால்தான் தெரியும்.

அதற்கு செரோசேஃப் என்ற உலோகக் கலவை வேண்டும். சுமார் 70 முதல் 88 டிகிரி செல்சியஸில் உருகும். துப்பாக்கி காலி என்று பார்த்துவிட்டு, தோட்டா அறையைப் பின்னால் மூடும் பிளாக்கைக் கழற்றி, அறையைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவுங்கள். அறைக்கு ஓர் அங்குலம் முன்னால் குழலைத் துணியால் அடைத்து, குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி ஊற்றுங்கள். கெட்டியானதும், அரை மணிக்குள் கம்பியால் தள்ளி எடுத்துவிட வேண்டும். இந்த உலோகம் முதலில் சுருங்கும், பிறகு விரியும். தாமதித்தால் உள்ளேயே இறுகிக்கொள்ளும். ஊற்றி ஒரு மணி ஆனதும் அளந்தால் அறையின் உண்மையான அளவு கிடைக்கும். அடிப்பகுதி விட்டம் 17 மி.மீ. அளவில் வந்தால் 577/450, 11.7 அளவில் வந்தால் 303.

குழலின் உள்ளளவுக்கு மெத்தென்ற ஈயக் குண்டை எண்ணெய் தடவித் தட்டி இறக்குவார்கள். ஹென்றி குழலுக்கு உள்ளே 7 பக்கங்கள். ஒற்றைப்படை என்பதால் ஒரு பக்கத்துக்கு நேர் எதிரே இன்னொரு பக்கம் வராது. அதனால் வெளியே வரும் குண்டை அளக்கும்போது சாதாரண காலிப்பர் தப்பான அளவைக் காட்டும். V வடிவப் பிடியுள்ள மைக்ரோமீட்டர் தேவை.

இன்னொன்று: பிரிட்டிஷ் படையும் ஜூலுக்களும் மோதிய இசாண்ட்ல்வானாப் போர் நடந்தது 1879 ஜனவரி 22. 1880 முத்திரையுள்ள துப்பாக்கியை அந்தப் போரில் இருந்தது என்று யாராவது விலை ஏற்றினால் நம்பாதீர்கள்.

கேள்வி: குழலில் செந்துரு. எமரித் தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாகக் கறுப்பேற்றலாமா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். எமரி முதலில் தின்பது முத்திரைகளையும் கூர்மையான ஓரங்களையும்தான். அவை திரும்பி வராது. மரத்தைக் கழற்றி, எண்ணெய்ப் பசை போகக் குழலை அசிட்டோனால் துடைத்து, காய்ச்சி வடித்த நீரில் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். மேலே நிற்கும் கறுப்புப் பொடியை 0000 எண் கொண்ட மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் மெல்லத் துடைத்து, இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். கடையில் வாங்கும் பஞ்சிலேயே எண்ணெய் இருக்கும். அதையும் அசிட்டோனில் அலசாவிட்டால் திட்டுத் திட்டாக வரும். சூடு இருக்கும்போதே உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். டர்பன் உப்புக்காற்றில் ஓரிரவு சும்மா விட்டாலும் துரு மறுபடி பிடிக்கும்.

கேள்வி: பின்கட்டை எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது, ஆடவும் செய்கிறது. (டோங்காட் வாசகர்)

பதில்: சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் எண்ணெயை உறிஞ்சும், மூன்று நான்கு தடவை தேவைப்படும். பள்ளங்களுக்கு ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஆவி கொடுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் மரம் இரும்பைவிடத் தாழ்ந்துவிடும். ஆட்டத்துக்கு, பின்தகட்டைக் கழற்றினால் உள்ளே தெரியும் நீண்ட போல்ட்டை இறுக்கிப் பாருங்கள். கடைசியில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாகத் தேயுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கேள்வி: 1900-க்கு முந்தியது என்றால் உரிமம் வேண்டாமாமே? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: மார்ட்டினி பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கி, வயதைச் சொல்லித் தப்ப முடியாது. தென்னாப்பிரிக்காவின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி (2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண்) உரிமம் கட்டாயம். அறை, பிளாக் வேலைகளை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுங்கள். 577/450 துப்பாக்கி கருமருந்துக்காகச் செய்தது; புகையில்லா மருந்தை அதில் பயன்படுத்தக் கூடாது. சுட்ட அன்றே குழலை வெந்நீரால் கழுவுங்கள்: கருமருந்தின் கசடு உப்பு, எண்ணெயில் கரையாது.