மெல்போர்னின் இத்தாலியப் பெரியவர்கள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

மெல்போர்ன் முதியோர் இல்லங்களில் பல வருடங்களாகச் செவிலியாக இருக்கிறேன். என் பராமரிப்பில் இத்தாலியர்கள்தான் அதிகம்.

கேள்வி: என் கணவரின் பாட்டி அறுபது வருடம் ஆங்கிலம் பேசியவர். இப்போது எங்களிடம் இத்தாலியனில் மட்டும் பேசுகிறார். கோபமா?

கோபமே இல்லை அக்கா. மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவிப்போவது நிறையப் பேருக்கு நடக்கிறது. ஆனால் அவர் பேசுவது இத்தாலியன்தானா என்று பாருங்கள். 1951-ல் இத்தாலியும் ஆஸ்திரேலியாவும் போட்ட குடியேற்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு கலாப்ரியா, சிசிலி, வெனெட்டோ கிராமங்களிலிருந்து கப்பலில் வந்தவர்களில் பலருக்கு வீட்டுமொழி வட்டார மொழிதான், பள்ளிக்கூட இத்தாலியன் அரைகுறை, அதிலும் இங்கே வந்தபின் வேலிக்கு 'ஃபென்ஸா' என்று ஆங்கிலமும் கலந்துவிட்டது. ரோம் நகரத்து மொழிபெயர்ப்பாளர் வந்தாலும் திணறுவார். அதனால் எந்த ஊர் என்று சொல்லியே ஆளைக் கேளுங்கள். வீட்டில் நீங்களும் பத்து வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள்: தண்ணீர், வலி, கழிவறை, 'நான் இங்கேதான் இருக்கிறேன்'. அந்தக் கடைசி வாக்கியத்தால் அடங்கிய அழுகைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இல்லத்தில் சேர்த்தால் மாமனார் எங்களை மன்னிக்கவே மாட்டார் போலிருக்கிறது.

அவர் பயம் பழையது. இருபது வயதில் ஊரைவிட்டு வந்து, பெற்றோர் இறந்த செய்தி கடிதத்தில் வந்து, இறுதிச்சடங்குக்குப் போக முடியாமல் நின்றவர்கள் இந்தத் தலைமுறையில் ஏராளம். தனக்கும் யாரும் பக்கத்தில் இல்லாத முடிவு வந்துவிடுமோ என்றுதான் கலங்குகிறார்கள். இத்தாலியன் பேசும் பணியாளர்கள் உள்ள இல்லங்கள் இங்கே இருக்கின்றன, முதலில் அங்கே விசாரியுங்கள். இத்தாலியர்கள் விளையாடும் ஸ்கோப்பா சீட்டுக்கட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பிப்ரவரியில் குடும்பமே கூடி வீட்டில் தக்காளி சாஸ் காய்ச்சும் நாளன்று அவரைக் கூட்டி வந்து நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், வேலை சரியில்லை என்று திட்டட்டும்.

கேள்வி: தாத்தாவுக்கு இத்தாலியிலிருந்து வரும் ஓய்வூதியம் நின்றுவிட்டது.

உயிருடன் இருப்பதற்கான சான்றுப் படிவம் திரும்பிப் போனதா என்று முதலில் பாருங்கள். போகாவிட்டால் பணம் நிற்கும். 'பத்ரோனாதோ' எனப்படும் இத்தாலிய நல உதவி அலுவலகங்களில் இதற்கு உதவுவார்கள்.

கேள்வி: கல்லறை பற்றி இப்போதே கேட்கலாமா?

கேளுங்கள் தம்பி. தரைக்கு மேலே கட்டிய கல்லறை மாடத்தில் இடம் வாங்கி வைத்தவர்கள் பலர், பிள்ளைகளுக்கே தெரியாது. நினைவு தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் கேளுங்கள், பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதையும் சேர்த்து.